மார்க் ட்வைன் வீட்டு வரவு செலவு

எங்க வீட்டுல ஒரு டைரி இருக்கு. நகைக்கடையில ஓசியில் கொடுத்தது. வலது பக்கம் பால், மளிகை, கரண்ட் பில், தங்கச்சி காலேஜ் ஃபீஸ். இடது பக்கம் முழுக்கப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு திருப்பிக் கொடுத்தாச்சு என்று அம்மாவின் கோழிக்கிறுக்கல். அப்பாவின் ஹார்டுவேர் கடையை இழுத்து மூடிய வருஷம் ஆரம்பித்த கணக்கு அது.

வேலைக்குச் சேர்ந்த புதுசில், இஞ்சினியர் என்கிற திமிரில், அதையெல்லாம் எக்செல்லில் ஏற்றினேன். வட்டி அதிகமான கடன் மேலே, வட்டி குறைந்தது கீழே. "இந்த வரிசையில அடைச்சா நாலு வருஷத்துல முடிஞ்சிடும்மா" என்று பந்தாவாகக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு கேட்ட ஒரே கேள்வி: "மூணாவது தெரு அக்கா எங்கடா?"

அது வட்டியில்லாத கைமாத்து. அதனால் கடைசி வரியில் இருந்தது. "புருஷன் இல்லாதவ, சேத்து வச்ச காசைத் தூக்கிக் குடுத்தா. அவளுக்குத்தான் முதல்ல." என்னோட ஃபார்முலாவில் இதுக்கு இடமே இல்லை :-)

சமீபத்தில் மார்க் ட்வைனின் கடைசி இருபது வருட வாழ்க்கையைப் படித்துக்கொண்டிருந்தபோது இந்த டைரிதான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. டாம் சாயர், ஹக்கிள்பெரி ஃபின் எழுதின அதே மனுஷன்தான். 58 வயதில் திவாலாகி, உலகத்தைச் சுற்றிப் பேசிப் பேசியே கடனை அடைத்தார் என்கிற கதை நம்மில் பலருக்கு ஒரு வரிச் செய்தியாகத் தெரியும். தன்னம்பிக்கைப் புத்தகங்களில் வரும். ஆனால் ஒரு குடும்பம் எப்படிக் கடனில் விழுந்தது, வீட்டுச் செலவை எப்படிக் குறைத்தது, பணப்பையை யார் பிடித்தார்கள், கடைசியில் என்ன விலை கொடுத்தார்கள் என்று பார்த்தால் அது வேற கதை.

முதலில் வீடு. ட்வைனின் நிஜப் பெயர் சாமுவேல் க்ளெமென்ஸ். 1870ல் ஒலிவியா லாங்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். வீட்டில் அவரை லிவி என்று கூப்பிடுவார்கள். லிவியின் அப்பா நிலக்கரி வியாபாரத்தில் பெரிய பணக்காரர். பிறந்த வீட்டுச் சொத்து, ட்வைனின் புத்தக வருமானம் எல்லாம் சேர்ந்து 1874ல் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஒரு வீடு எழும்பியது. 25 அறைகள். சமையலுக்கு ஆள், குதிரை வண்டிக்கு ஆள், கதவைத் திறக்க ஆள், சூசி, க்ளாரா, ஜீன் என்று மூன்று பெண் குழந்தைகளைப் பார்த்துக்க ஆள். விருந்தாளி இல்லாத நாள் குறைவு. வருமானம் பெரிசுதான், செலவும் அதே அளவுக்குப் பெரிசு. இது வரைக்கும் ஆபத்தில்லை. நன்றாக விற்கிற எழுத்தாளர், தாங்கிக்கொள்வார்.

ஆபத்து, நம்ம தொழில்காரர்களுக்கு ரொம்பப் பழக்கமான ஒரு ரூபத்தில் வந்தது. புராடக்ட்!

ட்வைன் சின்ன வயதில் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். ஒவ்வொரு எழுத்தாகக் கையால் பொறுக்கி அடுக்கும் கஷ்டம் அவருக்குத் தெரியும். ஜேம்ஸ் பேஜ் என்ற கண்டுபிடிப்பாளர் அதையே செய்கிற ஒரு இயந்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். 1880 வாக்கில் ட்வைன் அதில் கொஞ்சம் பணம் போட்டார். பிறகு இன்னும் கொஞ்சம். 1886ல் முழு உருவாக்கச் செலவையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். சில காலம் மாதம் மூவாயிரம் டாலர் வரை அந்த இயந்திரம் விழுங்கியது. அப்போ ஒரு சராசரி அமெரிக்கத் தொழிலாளி வருஷம் முழுக்க உழைத்தாலும் 500 டாலர் பார்ப்பது கஷ்டம்.

அந்த இயந்திரத்தில் சுமார் 18,000 பாகங்கள். மனுஷன் கை செய்கிற ஒவ்வொரு வேலையையும் அப்படியே காப்பியடித்தது. எழுத்தைப் பொறுக்கும், அடுக்கும், வரியின் இரு ஓரமும் சமமாக வரும்படி இடைவெளி விடும், அச்சடித்த பிறகு எழுத்துகளைத் திரும்ப அததன் அறையில் போட்டும் வைக்கும். 1889 ஜனவரியில் அது முதல் முறையாக ஒரு வரியைத் தானே கோர்த்து ஓரம் சரிசெய்தபோது, ட்வைன் தேதி, நேரம் எல்லாம் குறித்து வைத்துக்கொண்டு உலகமே மாறிவிட்டது போலக் கொண்டாடினார். ஓடும்போது நிஜமாகவே பிரமாதமாக ஓடியது. பிரச்சினை என்னன்னா, பேஜ் அதை நிம்மதியாக ஓட விடவில்லை. இன்னும் ஒரு மேம்பாடு, இன்னும் ஒரு திருத்தம் என்று பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். ரிலீஸ் தேதி தள்ளித் தள்ளிப் போகிற ப்ராஜெக்டில் வேலை பார்த்தவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடலாம்.

இதற்கிடையில் ஆட்மர் மெர்கந்தாலர் என்ற இன்னொருவர், பிரச்சினையையே வேறு மாதிரி பார்த்தார். எழுத்தை எதுக்குத் திரும்பப் பிரித்து அடுக்கணும்? அச்சுகளை வரிசையாக நிறுத்தி, உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஒரு முழு வரியையே வார்த்துவிடலாம். வேலை முடிந்ததும் அந்த வரியை மறுபடி உருக்கிவிடலாம். அதுதான் லினோடைப். 1886லேயே நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில் ஓட ஆரம்பித்துவிட்டது. மனிதக் கையை நகல் எடுத்த இயந்திரம் தோற்றது. கையை மறந்துவிட்டு யோசித்த இயந்திரம் ஜெயித்தது. 1894 இலையுதிர் காலத்தில் பேஜின் இயந்திரத்தை ஒரு சிகாகோ பத்திரிகையில் சோதனைக்கு ஓட்டினார்கள். அடிக்கடி உடைந்தது, நின்றது. கதை முடிந்தது. மிச்சமிருப்பது ஒரே ஒரு இயந்திரம். ஹார்ட்ஃபோர்ட் வீடு இப்போ மியூசியம், அங்கேதான் அது நிற்கிறது. ஒரு குடும்பத்தின் சொத்தைத் தின்ற இயந்திரம் அதே வீட்டில் காட்சிப்பொருளாக!

இது ஒரு ஓட்டை. இரண்டாவது ஓட்டை, சொந்தப் பதிப்பகம்.

1884ல், மருமகள் முறையுள்ள பெண்ணின் கணவர் சார்ல்ஸ் வெப்ஸ்டர் பெயரில் ட்வைன் ஒரு பதிப்பகம் ஆரம்பித்தார். ஆரம்பம் அமர்க்களம். ஹக்கிள்பெரி ஃபின், அடுத்து முன்னாள் ஜனாதிபதி யுலிசிஸ் கிராண்டின் நினைவுக் குறிப்புகள். கிராண்டின் கதையும் கடன் கதைதான். 1884ல் கூட்டாளி ஏமாற்றியதில் கையிலிருந்ததெல்லாம் போய், தொண்டைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே, குடும்பத்துக்கு ஏதாவது விட்டுப்போக வேண்டும் என்று எழுதினார். முடித்த சில நாட்களில், 1885 ஜூலையில் இறந்துபோனார். ட்வைனின் பதிப்பகம் அவர் மனைவிக்குக் கொடுத்த முதல் காசோலையே 2 லட்சம் டாலர். அடுத்தவர் குடும்பத்தைக் கடனிலிருந்து மீட்ட பதிப்பகம், பத்து வருஷத்துக்குள் சொந்தக்காரர் குடும்பத்தை மூழ்கடித்தது.

எப்படி? புத்தகம் விற்காமல் இல்லை. இதைக் கவனிங்க, எல்லாச் சின்ன வியாபாரத்துக்கும் பொருந்தும். அமெரிக்க இலக்கியத் தொகுப்பு ஒன்றை 11 பாகங்களாகப் போட்டார்கள். தவணை முறையில் விற்பனை. வாடிக்கையாளர் மாதாமாதம் கொஞ்சம் கொடுப்பார். ஆனால் அச்சுக்கூலி, பைண்டிங், ஏஜெண்ட் கமிஷன் எல்லாம் பதிப்பகம் முன்னாடியே கொடுத்தாகணும். அதாவது எவ்வளவு அதிகம் விற்கிறதோ அவ்வளவு அதிகமாகக் கையிலிருந்து பணம் வெளியே போகும். ஏட்டில் லாபம், கல்லாவில் காற்று. கல்லாவை நிரப்பக் கடன். அந்தக் கடனுக்கு வட்டி. அப்பா கடையிலும் இதேதான். ஊரெல்லாம் கடனுக்குக் கம்பியும் பெயிண்டும் கொடுத்தாச்சு, கம்பெனிக்காரன் மட்டும் ரொக்கம் கேட்டான். ஊர் பாக்கி நோட்டைப் பார்த்தால் நாங்க பணக்காரங்க!

1893ல் அமெரிக்காவில் பெரிய நிதி நெருக்கடி. வங்கிகள் வரிசையாக விழுந்தன. புதுசாக யாரும் கடன் கொடுக்கவில்லை, கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். 1894 ஏப்ரல் 18 அன்று பதிப்பகம் கையை விரித்தது. அது லிமிடெட் கம்பெனி இல்லை, கூட்டு வியாபாரம். அதனால் கடன் ட்வைனின் சொந்தத் தலையில். ஏறக்குறைய நூறு பேருக்கு, ஏறக்குறைய 1 லட்சம் டாலர். இன்றைய மதிப்பில் 30 லட்சம் டாலருக்கு மேல். இதில் லிவி தன் பிறந்த வீட்டுப் பணத்திலிருந்து பதிப்பகத்துக்குக் கொடுத்திருந்த பெரிய தொகை சேரவில்லை.

வீட்டுச் செலவுப் பக்கத்துக்கு வருவோம். சிக்கனம் திவாலுக்குப் பிறகு ஆரம்பிக்கவில்லை. மூன்று வருஷம் முன்னாடியே ஆரம்பித்துவிட்டது. 1891 ஜூனில் ஹார்ட்ஃபோர்ட் வீட்டைப் பூட்டினார்கள். குதிரைகளையும் வண்டியையும் விற்றார்கள். வேலைக்காரர்களை அனுப்பினார்கள். குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார்கள். நமக்கு இது விசித்திரமாக இருக்கும். சிக்கனம் பண்ண ஃபாரின் போவாங்களா? அந்தக் காலத்தில் அதுதான் கணக்கு. டாலரில் சம்பாதித்து ஐரோப்பாவில் செலவு செய்தால் கட்டுப்படியாகும். அதைவிட முக்கியம், ஹார்ட்ஃபோர்டில் இருந்தால் அந்தஸ்தைக் காப்பாற்றணும். விருந்து வைக்காமல் அந்த ஊரில் இருக்க முடியாது. தெரிந்தவர்கள் இல்லாத ஊரில் ஏழையாக இருப்பது சுலபம். (சொந்த ஊர்க் கல்யாணத்துக்கு மொய் எழுத முடியாமல், "லீவு கிடைக்கலை" என்று சொன்ன அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும்.)

பெர்லினில் கொஞ்ச காலம், ஃப்ளாரன்ஸ் அருகே ஒரு பழைய வில்லாவில் கொஞ்ச காலம், பாரிஸில் கொஞ்ச காலம். பெர்லினில் முதலில் மலிவாக ஒரு ஃப்ளாட் எடுத்தார்கள். இடம் சரியில்லை, சத்தம், அழுக்கு. கொஞ்ச நாளிலேயே வாடகைப் பணம் போனாலும் போகட்டும் என்று காலி செய்துவிட்டு ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் சிக்கனத்தின் லட்சணம் அப்படி. அவர்கள் ஒன்றும் கஞ்சிக்கு அலையவில்லை, நேர்மையாகச் சொல்லணும். பணக்காரர்கள் கீழே இறங்கும்போது நடுத்தர வர்க்கம் வரைக்கும்தான் இறங்குவார்கள். ஆனால் இறங்குகிற வலி நிஜம்தான். செல்லமாக வளர்ந்த லிவி ஒவ்வொரு செலவையும் எண்ண வேண்டிய இடத்துக்கு வந்தார். அவருக்கு இதய நோய் வேறு.

ட்வைன் மட்டும் அட்லாண்டிக்கை மாறி மாறிக் கடந்து நியூயார்க்கில் கடனோடு மல்லுக்கட்டினார். அங்கே 1893ல் ஹென்ரி ராஜர்ஸ் என்பவரைச் சந்தித்தார். ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் பெரிய தலைகளில் ஒருவர். வியாபாரத்தில் இரக்கமே இல்லாதவர் என்று பெயர். ட்வைன் எழுத்துக்கு ரசிகர். இந்த மனுஷன் சம்பளம் வாங்காமல் ட்வைனின் நிதி மேலாளர் ஆனார்.

ராஜர்ஸ் செய்த முதல் வேலை, 1894 மார்ச்சில் ட்வைனிடமிருந்து பவர் ஆஃப் அட்டர்னி வாங்கியது. அதாவது, ஐயா நீங்க இனிமேல் எதிலேயும் கையெழுத்துப் போட வேண்டாம்! இரண்டாவது வேலை, ட்வைனின் புத்தக உரிமைகளை லிவியின் பெயருக்கு மாற்றியது. லிவிதானே எல்லோரையும் விடப் பெரிய கடன் கொடுத்தவர், அவருக்குத்தான் முதல் உரிமை என்று வாதம். ஹார்ட்ஃபோர்ட் வீட்டிலும் யாரும் கை வைக்க முடியாமல் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு அமெரிக்காவில் நாடு முழுக்கப் பொருந்தும் திவால் சட்டமே கிடையாது. பழைய சட்டத்தை 1878ல் எடுத்துவிட்டார்கள், புதியது வந்தது 1898 ஜூலையில். அந்த இடைவெளியில் மாநிலச் சட்டங்களை வைத்து இப்படி ஒருவரை முன்னால் நிறுத்த முடிந்தது.

மற்ற கடன்காரர்களுக்கு இது பிடிக்குமா? பிடிக்கவில்லை. நியாயம்தானே? பொண்டாட்டி பேருக்கு எழுதி வைக்கிற வேலையை நம்ம ஊரில் என்ன சொல்லுவோம்? ஆனால் பின்னால் நடந்ததைப் பார்த்தால் ராஜர்ஸ் செய்தது சரி என்றுதான் படுகிறது. 1894ல் அந்தப் புத்தக உரிமைகளை ஏலம் விட்டிருந்தால் நெருக்கடிக் காலத்தில் அடிமாட்டு விலைக்குப் போயிருக்கும். கடன்காரர்களுக்கும் பாதி கூடத் தேறியிருக்காது. பால் கறக்கிற மாட்டை விற்றுக் கடன் அடைக்கக் கூடாது என்கிற கிராமத்துக் கணக்குதான் இது. அந்த மாடு பிற்பாடு எவ்வளவு கறந்தது தெரியுமா? 1903ல் ஹார்ப்பர் பதிப்பகம் ஐந்து வருஷத்துக்கு, வருஷம் குறைந்தது 25,000 டாலர் என்று உத்தரவாதம் கொடுத்து ஒப்பந்தம் போட்டது.

சரி, எவ்வளவு திருப்பிக் கொடுப்பது? டாலருக்கு 50 சென்ட் என்று பேசி முடித்துக்கொள்ள வழி இருந்தது. வியாபாரத்தில் சகஜம். கடன் கொடுத்தவர்களில் பலரே சம்மதிக்கத் தயார். லிவி ஒத்துக்கொள்ளவில்லை. வியாபாரம் நொடித்தது என்றாலே அவமானம் என்ற உணர்விலிருந்து தன்னால் விடுபட முடியவில்லை என்று தன் அக்காவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 100 சென்ட்டும் கொடுத்தாகணும். எழுத்தாளனுக்குப் பெயர்தான் மூலதனம், அது கெடக்கூடாது என்பது ராஜர்ஸின் கணக்கு. லிவிக்கு மானம், ராஜர்ஸுக்கு வியாபாரம். இரண்டும் ஒரே விடையில் வந்து நின்றது. ட்வைன் சரி என்றார்.

1895 ஜூலையில் ஓஹியோவின் க்ளீவ்லாண்டில் மேடைப் பயணம் ஆரம்பம். அவருக்கு 59 வயது. காலில் பெரிய ராஜபிளவைக் கட்டி. கிளம்புவதற்குச் சில நாள் முன்னால்தான், பொறுமையிழந்த ஒரு கடன்காரர் போட்ட வழக்கில் நியூயார்க்கில் ஆஜராகி, சொத்துக் கணக்கு சொல்லிவிட்டு வந்திருந்தார். லிவியும் இரண்டாவது மகள் க்ளாராவும் கூட வந்தார்கள். மூத்தவள் சூசியும் கடைசி மகள் ஜீனும் நியூயார்க் மாநிலத்தில் எல்மிராவில் பெரியம்மா வீட்டில் தங்கிவிட்டார்கள். எல்லோரையும் கூட்டிப் போனால் செலவு கட்டாது. சூசிக்குக் கடல் பயணம் பிடிக்கவும் பிடிக்காது. ஒரு வருஷம்தானே!

அமெரிக்காவின் வட ஓரமாக ஊர் ஊராகப் பேசிக்கொண்டே மேற்குக் கடற்கரை. ஆகஸ்டில் கப்பல். ஹொனலூலுவில் நிகழ்ச்சி இருந்தது, காலரா பரவியதால் கரையில் இறங்கவே விடவில்லை. அந்த வரவு போச்சு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. 1896 ஜனவரியில் கொழும்பு வழியாக பம்பாய். அங்கே உடம்பு முடியாமல் படுத்து எழுந்து பேசினார். பூனா, பரோடா, அலகாபாத், காசி, கல்கத்தா, டார்ஜிலிங், லக்னோ, ஆக்ரா, ஜெய்ப்பூர், லாகூர், ராவல்பிண்டி. கிட்டத்தட்ட இரண்டரை மாதம். மார்ச் கடைசியில் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய கப்பல் நம்ம மெட்ராஸில் நின்றது, ஆனால் இங்கே மேடை ஏறவில்லை. ஏப்ரலில் கொழும்பில் பேசிவிட்டு மொரீஷியஸ், அப்புறம் தென்னாப்பிரிக்கா. 1896 ஜூலை 31 அன்று இங்கிலாந்தில் வந்து இறங்கினார். ஒரு வருஷத்தில் நூறுக்கும் மேற்பட்ட மேடைகள்.

குடும்பமே ஒன்றுசேர வேண்டிய நேரம். சூசியையும் ஜீனையும் இங்கிலாந்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் தந்தி வந்தது. சூசிக்கு உடம்பு சரியில்லை. லிவியும் க்ளாராவும் உடனே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்கள் நடுக்கடலில் இருந்தபோது, 1896 ஆகஸ்ட் 18 அன்று, ஹார்ட்ஃபோர்ட் வீட்டிலேயே சூசி இறந்துபோனாள். மூளைக் காய்ச்சல். வயது 24. ட்வைன் இங்கிலாந்தில் தனியாக நின்றுகொண்டிருந்தபோது அந்தத் தந்தி கைக்கு வந்தது.

தன்னம்பிக்கைப் புத்தகங்களில் இந்தப் பக்கம் இருக்காது. அந்த ஒரு வருஷத்தில் அடைத்த கடனுக்கு வட்டி இப்படி விழுந்தது. கடனுக்காகப் போகாமல் இருந்திருந்தாலும் நோய் வந்திருக்கலாம், அது வேறு விஷயம். அப்பா அம்மா பக்கத்தில் இருந்திருப்பார்கள். அந்தக் குற்ற உணர்ச்சி ட்வைனை விட்டு கடைசி வரை போகவில்லை. அந்த வீட்டில் அதன் பிறகு அவர்கள் வாழவே இல்லை. 1903ல் விற்றுவிட்டார்கள்.

ஆனால் கடன் அதற்காக நிற்காதே! லண்டனில் செல்சீ பகுதியில் ஒரு வீடு எடுத்து, யார் கண்ணிலும் படாமல், பயணத்தைப் பற்றிய புத்தகத்தை எழுதினார். பேசிச் சம்பாதித்தது மட்டும் கடனுக்குப் பத்தவில்லை, புத்தகமும் வேண்டியிருந்தது. பூமத்திய ரேகையைப் பின்தொடர்ந்து என்ற பொருளில் தலைப்புள்ள அந்தப் புத்தகம் 1897ல் வெளியானது. இந்தியாவைப் பற்றி அவ்வளவு சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிற மனுஷன், மகள் செத்த வீட்டில் உட்கார்ந்து அதை எழுதினார் என்று தெரிந்த பிறகு எனக்கு முன்பு மாதிரி படிக்க முடியவில்லை.

அவர்கள் இப்படி ஒதுங்கி இருந்ததால் ட்வைன் சோத்துக்கில்லாமல் சாகக் கிடக்கிறார் என்று அமெரிக்காவில் வதந்தி கிளம்பியது. அவர் சாவுச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று சொன்னதாக ஒரு ஜோக் உலகம் பூரா சுற்றுகிறதே, அது 1897ல் அந்த வதந்திக்குக் கொடுத்த பதிலிலிருந்து வந்ததுதான். உடம்பு சரியில்லாமல் இருந்தது லண்டனிலிருந்த ஒரு உறவினர். அதே சமயம் ஒரு நியூயார்க் பத்திரிகை அவர் கடனை அடைக்க வசூல் நிதி ஆரம்பித்தது. ட்வைனுக்கு உள்ளுக்குள் ஆசைதான். குடும்பம் வேண்டாம் என்றது. நிதியை நிறுத்தச் சொல்லிவிட்டார். லிவி மட்டும் சபலப்பட்டிருந்தால் கதை அன்றைக்கே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

1897 இலையுதிர் காலத்தில் வியன்னாவுக்கு மாறினார்கள். பணம் ராஜர்ஸிடம் போய்ச் சேரும், அவர் பிரித்துக் கொடுப்பார், கடன்காரர்களின் ரசீதுகளும் நன்றிக் கடிதங்களும் திரும்பி வரும். 1898 ஜனவரி வாக்கில் கடைசிக் கடன் வரை அடைந்தது. கைக்கும் வாய்க்குமாக வாழ்ந்து, மிச்சம் பிடிக்க முடிந்த ஒவ்வொரு காசையும் மிச்சம் பிடித்தோம் என்று நண்பர் ஹாவெல்ஸுக்கு எழுதினார் ட்வைன். கடன்காரர்களின் கடிதங்களை லிவி திரும்பத் திரும்பப் படித்தாராம். சூசி போன பிறகு அவர் சந்தோஷமாக இருந்த ஒரே நாள் அதுதான் என்று ராஜர்ஸுக்கு எழுதியிருக்கிறார். சந்தோஷத்தைக் கூட எதிலிருந்து எண்ணுகிறார்கள் பாருங்க.

நாலு வருஷத்துக்குள் முடித்துவிட்டார்கள். எப்படி என்று யோசித்தால் மானம், ரோஷம் மட்டும் காரணமில்லை. வருமானம் தரும் சொத்தைக் காப்பாற்றினார்கள். செலவு தானாகக் குறையும் இடத்துக்குக் குடிமாறினார்கள். எல்லாவற்றுக்கும் மேல், சம்பாதிக்கிற கையையும் செலவு தீர்மானிக்கிற கையையும் பிரித்தார்கள். ட்வைனுக்குச் சம்பாதிக்கத் தெரியும், பிடித்து வைக்கத் தெரியாது. ஆதாரம் வேணுமா? கடன் அடைந்த அதே 1898ல், வியன்னாவில் யான் ஷ்செபானிக் என்ற கண்டுபிடிப்பாளரின் நெசவு இயந்திரத்தில் பெரிய பணம் போடத் துடித்தார்! தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. அதற்கப்புறம் பாலிலிருந்து செய்த ப்ளாஸ்மான் என்ற சத்துமாவில் நிஜமாகவே பணம் போட்டு விட்டார். திருந்தவே இல்லை. கடன் அடைந்ததற்குக் காரணம் அவர் மாறியது அல்ல, பேனா அவரிடமும் பேரேடு வேறு ஆளிடமும் இருந்தது.

எங்க வீட்டிலும் அப்படித்தான். அப்பா இப்பவும் "ஒரு சின்ன ஏஜென்சி எடுத்தா..." என்று ஆரம்பிப்பார். அம்மா டைரியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பாவம் அப்பா, அவர் மேல் கோபமெல்லாம் இல்லை. அவரும் ஏதோ ஒரு இயந்திரத்தை நம்பியவர்தான்.

போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு, ஒன்றரை வருஷம் ஆன்சைட் போறியா என்றார். எக்செல்லைத் திறந்து பார்த்தேன். போனால் மிச்சக் கடன் 9 மாதத்தில் முடியும். போகாவிட்டால் 22 மாதம். அப்பாவுக்கு இரண்டு முறை நெஞ்சு வலி வந்து டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். என் வரிசைக் கணக்கில் இதுக்கும் இடமில்லை. சூசியைப் பற்றிப் படிக்காமல் இருந்திருந்தால் யோசிக்காமல் சரி என்று சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன்.

இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரியா தப்பா என்று தெரியலை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "இன்னும் 22 மாசம் ஆகும்மா" என்று மட்டும் சொன்னேன். எதுக்கு என்று கேட்கவில்லை. டைரியை எடுத்து இடது பக்கத்தில் எண்ணினார். அஞ்சு பேர் பாக்கி. மூணாவது தெரு அக்கா பெயரை எப்பவோ அடித்தாச்சு, முதல் ஆளாக.

"ஆகட்டும். ஆனா முழுசாக் குடுத்துடணும்" என்றார்.